திரை இருந்தால் வாசிக்கிறார்கள், தாளை வைத்தால் நிற்கிறார்கள்: பியானோ செயலிகளை என்ன செய்வது?

நீலக்குயில் (சாட்ஸ்வொர்த், டர்பன்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 7 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். சிலர் யூனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) இசைத் தேர்வுக்கும் சிலர் ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வுக்கும் தயாராகிறார்கள். இப்போது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் சிம்ப்ளி பியானோ, ஃப்ளோகீ, சிந்தீசியா என்று ஏதாவது ஒன்று டேப்லெட்டில் இருக்கிறது. பெற்றோர் ஆசையாக வாங்கிக் கொடுத்தவை, நான் சொல்லி வந்தவை அல்ல.

நான் கவனிப்பது இதுதான். செயலியில் முழுப் பாட்டையும் தட்டாமல் வாசிக்கிற பிள்ளை, அதே பாட்டை ஐந்து கோட்டு ஸ்டாஃப் தாளில் வைத்தால் இரண்டாவது பாரில் (தாளில் நெடுங்கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதியில்) நின்றுவிடுகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், "சரியா டீச்சர்?" என்று. ஒரு 11 வயதுப் பிள்ளை, தவறு என்று செயலி காட்டும் சிவப்பு நிறம் தெரிந்தவுடன் கையை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறாள், மூன்றாவது தடவைக்குக் கண் கலங்கிவிடுகிறது. இன்னொரு பையன் தொடர்நாள் கணக்கு (எத்தனை நாள் விடாமல் வாசித்தான் என்று செயலி வைக்கும் கணக்கு) அறுந்துவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் தெரிந்த பாட்டையே ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு மூடிவிடுகிறான்.

என் அறையில் இருப்பது யமஹா பி-45 என்ற மின்பியானோ. பிள்ளைகளின் வீடுகளில் சிறிய கீபோர்டு. ஒரு வீட்டில் மட்டும் சுருதி இறங்கிப்போன பழைய அப்ரைட் (கம்பி வைத்த நிமிர்ந்த பியானோ). டேப்லெட்டுகள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. செயலியை அடியோடு நிறுத்தச் சொல்லட்டுமா? வைத்துக்கொள்வதென்றால் எப்படி, எந்த அளவுக்கு? பொதுவான அறிவுரை வேண்டாம். வகுப்பில் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

---

வெள்ளைக்கட்டை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

நிறுத்த வேண்டாம் டீச்சர். நீங்கள் எழுதியவற்றில் முதல் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். சரியா தவறா என்ற தீர்ப்பைத் திரை உடனுக்குடன் சொல்லிவிடுகிறது, அதுவும் சுரத்துக்குச் சுரம். காது அந்த வேலையைப் பழகிக்கொள்ள இடமே கிடைப்பதில்லை. தொடர்நாள் கணக்கு வேறு கதை, அதை உளவியல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

இது பியானோக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. உடல் அசைவுகளை எப்படிக் கற்கிறோம் என்ற ஆய்வில், 1984இல் சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் இதைத் தெளிவாக எழுதினார்கள். அடிக்கடி கிடைக்கும் பின்னூட்டம் பயிற்சி நேரத்தில் ஆளைத் தாங்கிப் பிடிக்கும், அதை எடுத்தவுடன் கற்றது சரியும். 1990இல் வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் செய்த சோதனையில், பாதி முயற்சிகளுக்கு மட்டும் முடிவைச் சொல்லிக் கொடுத்த குழு, எல்லா முயற்சிக்கும் சொல்லிக் கொடுத்த குழுவைவிடப் பிற்பாடு நன்றாகச் செய்தது. அது நெம்புகோலை அசைக்கும் சோதனை, இசை அல்ல. ஆனாலும் உங்கள் பிள்ளைகள் தாளைப் பார்த்து நிற்பதை இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.

இரண்டு அமைப்புகளை முதலில் பாருங்கள். ஒன்று, காத்திருக்கும் முறை. ஃப்ளோகீயிலும் சிந்தீசியாவிலும் பிள்ளை சரியான கட்டையைத் தொடும்வரை பாட்டு நின்று காத்திருக்கும். சுரங்களைக் கண்டுபிடிக்க முதல் ஒரு நாள் அது உதவும். அதற்கு மேல் போனால் லயம் கெட்டுவிடும். நின்று தேடினாலும் தண்டனை இல்லை என்பதால் பிள்ளை நிற்கப் பழகிவிடுகிறது. சைட் ரீடிங்கில், அதாவது புதிய தாளை முதல் பார்வையிலேயே வாசிப்பதில், கண் கைக்கு முன்னால் ஓட வேண்டும். காத்திருக்கும் முறையில் கண்ணும் கையும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது, மேலிருந்து விழும் வண்ணக் கட்டங்கள். கட்டம் கோட்டைத் தொடும் நொடியில் அழுத்துவது நல்ல அனிச்சைப் பயிற்சிதான். ஆனால் சுரங்களுக்கு இடையே உள்ள தூரம், இது மூன்றாமிடம், இது ஐந்தாமிடம் என்ற வடிவம், கண்ணில் பதிவதே இல்லை. தாளில் அந்த வடிவம்தான் எல்லாம்.

நான் சொல்லும் வழி நான்கு வாரத்துக்கு. எட்டு பார் மட்டும் உள்ள ஒரு பாட்டை, அல்லது பெரிய பாட்டில் எட்டு பாரை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கிரேடுக்கு (தேர்வு நிலைக்கு) கீழே ஒரு படி எளிதாக இருக்கட்டும்.

முதல் வாரம் காத்திருக்கும் முறையை அணைத்துவிடுங்கள். வேகத்தை 60 சதவீதத்துக்கோ அதற்கும் கீழேயோ இறக்கி, ஒரு கை மட்டும். பச்சை சிவப்பு இருந்துவிட்டுப் போகட்டும். ஒரே சட்டம்: தவறு வந்தாலும் கை நிற்கக் கூடாது, அடுத்த பாரின் முதல் அடியில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். இங்கே பிள்ளை நின்றால் வேகம் இன்னும் அதிகம் என்று அர்த்தம். 50க்கு இறக்குங்கள். விளக்கம் சொல்லிப் பயனில்லை.

இரண்டாம் வாரம் திரையின் கீழ்ப்பகுதியை, கட்டம் கோட்டைத் தொடும் இடத்துக்கு மேலே மூன்று விரல் அகலத்துக்கு, ஒரு அட்டைத் துண்டால் மூடிவிடுங்கள். கட்டம் மறைந்த பிறகுதான் அழுத்த வேண்டியிருப்பதால் பிள்ளை முன்கூட்டியே பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதே அட்டையைத்தான் பிறகு தாளில் வாசிக்கும் பாரின் மேல் நகர்த்தி வைக்கப் போகிறீர்கள். இந்த வாரம் தவறுகள் கூடும், கட்டாயம் கூடும். பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "டீச்சர் வந்து கெடுத்துவிட்டார்" என்று செயலியைப் பழையபடி திறந்து கொடுத்துவிடுவார்கள்.

மூன்றாம் வாரம் அதே எட்டு பாரைத் தாளில். வீட்டில் இசைத்தாள் எழுத மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் இலவசம், பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம். தாளில் மூன்று சுரங்களுக்கு மட்டும் வட்டம் போடுங்கள்: நடு சி, மேலே உள்ள ட்ரெபிள் கோட்டின் ஜி, கீழே உள்ள பேஸ் கோட்டின் எஃப். மற்றவை எல்லாம் இந்த மூன்றிலிருந்து எத்தனை படி என்று கணக்கு. ஒவ்வொரு சுரத்தின் மேலும் எழுத்துப் பெயர் எழுதிக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது இன்னொரு வகைச் செயலி, அவ்வளவுதான். டேப்லெட் அறையில் இருக்கலாம், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு. அது கேட்டுப் பதிவுசெய்தால் போதும்.

நான்காம் வாரம்தான் முக்கியம். பிள்ளை எட்டு பாரையும் நிற்காமல் வாசிக்கட்டும். முடிந்ததும் திரையைப் பார்க்கும் முன், உங்கள் முகத்தையும் பார்க்கும் முன், எங்கே தவறியது என்று தானே பென்சிலால் தாளில் குறிக்கட்டும். அதற்குப் பிறகு பதிவைத் திறந்து ஒப்பிடுங்கள். எத்தனை தவறு என்பதைப் பேசாதீர்கள். எத்தனை தவறைத் தானே கண்டுபிடித்தது என்பதைப் பேசுங்கள். ஐந்து தவறு செய்து நான்கைப் பிடித்த பிள்ளை, இரண்டு தவறு செய்து ஒன்றையும் உணராத பிள்ளையைவிட முன்னால் இருக்கிறது. இதைப் பிள்ளைக்கும் அதே வாக்கியத்தில் சொல்லலாம்.

இதற்கும் ஒரு ஆய்வுத் துணை உண்டு. 2009இல் ட்யூக், சிம்மன்ஸ், கேஷ் வெளியிட்ட கட்டுரை. பல்கலைக்கழகப் பியானோ மாணவர்களுக்கு ஒரு கடினமான சிறு பகுதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் நன்றாக வாசித்தவர்கள் அதிக நேரம் பயிற்சி செய்தவர்கள் அல்லர். தவறு எங்கே என்று துல்லியமாகக் கண்டு, அந்த இடத்தை மட்டும் வேகம் குறைத்து, நிலைப்படும்வரை விடாதவர்கள். செயலி இந்த வேலையின் முதல் பாதியைப் பிள்ளையிடமிருந்து பறித்துக்கொள்கிறது. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நான்காம் வாரம்.

சைட் ரீடிங்கை இதோடு கலக்காதீர்கள். தினமும் ஐந்து நிமிடம், இரண்டு கிரேடு கீழே உள்ள புதிய துண்டு. ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வில் பார்த்துக்கொள்ள அரை நிமிடம் தருவார்கள். வீட்டிலும் அதே அரை நிமிடம் கொடுத்துப் பழக்குங்கள். ஒரு துண்டு ஒரே தடவைதான், மறுபடி வாசிக்க விடக் கூடாது.

---

மிடி_மாமா (ஃபீனிக்ஸ்):

வெள்ளைக்கட்டை சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சோதியுங்கள் அக்கா: செயலி சொல்லும் சிவப்பு உண்மையான சிவப்புதானா? மைக்கில் கேட்டுக் கண்டுபிடிக்கும் முறையில் பல தடவை பிள்ளை சரியாக வாசித்திருக்கும், இயந்திரம் தவறு என்று சொல்லும். பிள்ளை இயந்திரத்தைத்தான் நம்பும். தன் காதை நம்பாத பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

சோதனை எளிது. அந்த வீட்டில், வழக்கமாகப் பயிற்சி செய்யும் நேரத்தில், நீங்களே உட்கார்ந்து வெவ்வேறு உயரத்தில் இருபது தனிச் சுரங்களும் பத்து கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சரியாக வாசியுங்கள். ஒன்றுக்கு மேல் தவறாகப் பதிந்தால் அங்கே மைக் முறை வேண்டாம். பொதுவாகக் குழம்பும் இடங்கள்: பேஸ் பகுதியின் தாழ்ந்த சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே என்று எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் டேப்லெட் மைக்குக்கு அடிச்சுரத்தைவிட அதன் மேல்சுரங்கள் நன்றாகக் கேட்கும். பெடல் அழுத்தியிருந்தால் பழைய சுரம் புதியதோடு கலக்கும். அதே அறையில் டிவி, பக்கத்தில் தங்கச்சி பாடும் பஜனை, எல்லாம் உள்ளே போகும்.

சுருதி இறங்கிய அப்ரைட்டில் மைக் முறை சுத்தமாக வேலைக்காகாது. செயலிகள் 440 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. அரைச் சுரம் என்பது 100 சென்ட். பியானோ 50 சென்ட் இறங்கியிருந்தால் அது எந்தச் சுரம் என்று இயந்திரத்துக்கு முடிவுசெய்ய முடியாது. டர்பன் ஈரக்காற்றில் சவுண்ட்போர்டு (பியானோவின் ஒலிப்பலகை) ஊதிச் சுருங்குவதால் சுருதி ஆண்டு முழுக்க அலையும். ஆண்டுக்கு இரண்டு தடவை சுருதி சேர்க்கும் ட்யூனரைக் கூப்பிடுங்கள். அதிகம் இறங்கியிருந்தால் ஒரே அமர்வில் நிற்காது, முதலில் மொத்தமாக ஏற்றிவிட்டுப் பிறகு இன்னொரு தடவை சுருதி சேர்க்க வேண்டும். அதுவரை அந்த வீட்டில் செயலி இல்லாமலே போகட்டும். பியானோ நல்ல பியானோவாகக்கூட இருக்கலாம்.

உங்கள் பி-45இல் மைக்கே தேவையில்லை. பின்னால் 'யூ.எஸ்.பி. டு ஹோஸ்ட்' என்று சதுரமான துளை இருக்கும். பிரிண்டருக்குப் போடும் அதே வயர்தான், மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். டேப்லெட் பக்கம் அந்த வயரைச் செருக ஓ.டி.ஜி. அடாப்டர். பழைய ஆண்ட்ராய்டில் மைக்ரோ, புதியதில் டைப் சி. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு அடாப்டரை வாங்கிவிடாதீர்கள், பென் டிரைவ் செருகிப் பார்த்து வாங்குங்கள். வயரைச் செருகி, பியானோவை ஆன் செய்து, கடைசியாகச் செயலியைத் திறங்கள். செயலி அமைப்பில் மைக்குக்குப் பதில் மிடியை (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பதை வயர் வழியே அனுப்பும் முறை) தேர்ந்தெடுக்க வேண்டும். சில செயலிகள் தானே மாறாது.

சத்தம் இரண்டாகக் கேட்டால் பியானோவும் டேப்லெட்டும் ஒன்றாக ஒலிக்கின்றன என்று அர்த்தம். டேப்லெட் ஒலியைக் குறைத்துவிட்டுப் பியானோ ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி சொல்கிறேன், பியானோ ஒலியைத்தான். டேப்லெட் ஒலி தாமதமாக வரும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் போட்டால் கட்டையை அழுத்தி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கழித்துத்தான் சுரம் கேட்கும். பிள்ளை தன் கை பிசகுகிறது என்று நினைத்துக்கொள்ளும். வயர் ஹெட்ஃபோன் மட்டும். பி-45இன் துளை 6.3 மி.மீ., அதற்கு ஒரு மாற்றி வேண்டும்.

இப்போது மிடி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பாருங்கள். எந்தக் கட்டை, எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, எவ்வளவு வேகமாக இறங்கியது (1 முதல் 127 வரை ஒரு எண்), பெடல். இவ்வளவுதான். எந்த விரல், மணிக்கட்டு இறுகியிருக்கிறதா, தோள் ஏறியிருக்கிறதா, எதுவும் தெரியாது. மூன்றாம் விரலுக்குப் பதில் எல்லாவற்றையும் ஆள்காட்டி விரலால் குத்திய பிள்ளைக்கும் 100 சதவீதம் வரும். இது ஏமாற்று மதிப்பெண் என்று பெற்றோருக்குக் காட்ட, நீங்களே ஒரு விரலால் வாசித்து நட்சத்திரம் வாங்கிக் காட்டலாம். நிமிடத்தில் புரிந்துவிடும்.

நான்காம் வாரப் பதிவுக்கு ஐபேட் இருந்தால் கராஜ்பேண்ட் என்ற பதிவுச் செயலி இலவசம். மிடியாகப் பதிந்தால் சுரங்கள் கட்டங்களாகத் தெரியும், கட்டத்தின் நீளத்தில் லெகாட்டோவா (ஒட்டி வாசித்ததா) வெட்டியதா என்று பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் போனின் சாதாரண ஒலிப்பதிவே போதும். உண்மையில் காதுக்கு அதுதான் நல்லது.

---

டோங்காட்_அப்பா:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஆசிரியர்கள் எல்லோரும் நட்சத்திரத்தையும் தொடர்நாள் கணக்கையும் குறை சொல்கிறீர்கள். பிள்ளை தானாகப் போய் உட்காருவதே அதனால்தான். அதை எடுத்துவிட்டால் யார் உட்கார வைப்பது? வாரத்தில் அரை மணி நேரம் வகுப்பு, மீதி ஆறு நாள் எங்கள் தலையில். செயலி இல்லாத வீட்டில் "பியானோ வாசி" என்று அம்மா கத்த வேண்டியிருக்கிறது. அதுவும் மனத்துக்கு நல்லதா?

---

மனக்கணக்கு (லெனேசியா):

டோங்காட் ஐயா கேட்டது நியாயம். கத்துவதைவிட நட்சத்திரம் மேல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் இதை வேறு மாதிரிக் கேட்போம்: நட்சத்திரம் எதற்காகக் கிடைக்கிறது?

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். வரைவதில் ஆசையுள்ள நர்சரிப் பிள்ளைகளில் சிலருக்கு, "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆக, ஏற்கெனவே ஆசை இருக்கிற இடத்தில் பேரம் பேசினால் ஆசை தேயும். ஆசையே இல்லாத இடத்தில் தொடக்கத்துக்குப் பரிசு உதவலாம். ஸ்கேல் (ஏறி இறங்கும் சுர வரிசை) வாசிக்க எந்தப் பிள்ளைக்கும் பிறவி ஆசை கிடையாது, அதற்கு நட்சத்திரம் கொடுங்கள். பிடித்த பாட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

தொடர்நாள் கணக்கின் சிக்கல், அது செயலியைத் திறந்ததற்குக் கிடைக்கும் பரிசு, கற்றதற்கு அல்ல. அதனால் பிள்ளை தெரிந்ததையே வாசிக்கும். அது சோம்பேறித்தனம் இல்லை, கணக்குத் தெரிந்த பிள்ளை அப்படித்தான் செய்யும். அதற்கு மேல் ஒரு நாள் அறுந்தால் வரும் குற்ற உணர்வில் பலர் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது: செயலியின் அறிவிப்புகளை அணையுங்கள். சுவரில் ஒரு தாள். அதில் வாரத்துக்கு ஐந்து கட்டம், ஏழு அல்ல. இரண்டு நாள் விடுபட இடம் இருக்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, கோயில், தாத்தா வீடு எல்லாம் அந்த இரண்டு நாளில் அடங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் "இன்று எந்த பார் நேற்றைவிட நன்றாக வந்தது" என்று பிள்ளையே பார் எண்ணை எழுத வேண்டும். எழுத ஒன்றும் இல்லாத நாளில் கட்டம் காலி. பெற்றோர் அதில் கை வைக்கக் கூடாது.

டெசி, ரையன் இருவரும் ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: தானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, முடிகிறது என்ற உணர்வு, ஒருவரோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு. செயலி இரண்டாவதை அள்ளிக் கொடுக்கும். முதலாவதைக் கொஞ்சம், பாட்டைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு. மூன்றாவதைக் கொடுக்கவே கொடுக்காது. ஐயா, அந்தக் கடைசி இடம் உங்களுடையது. வாரத்தில் இரண்டு தடவை பக்கத்தில் உட்கார்ந்து, பியானோ தெரியாவிட்டாலும், "இந்தப் பாட்டில் உனக்குப் பிடித்த இடத்தை எனக்கு வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். திருத்தாதீர்கள். திருத்தினால் நீங்களும் ஒரு சிவப்பு விளக்கு.

நீலக்குயில் அவர்களே, அந்த 11 வயதுப் பிள்ளையைப் பற்றி. முதலிலிருந்து தொடங்குவது பயிற்சி மாதிரித் தெரியும், ஆனால் அது தவறிலிருந்து ஓடுவது. ஓடினால் உடனே பதற்றம் குறைகிறது, அதனாலேயே பழக்கம் இறுகுகிறது. முதல் நான்கு பார் நூறு தடவை வாசிக்கப்பட்டிருக்கும், கடைசி நான்கு பார் பத்துத் தடவை. இறுதியை நெருங்க நெருங்கப் பயம் கூடுவதில் வியப்பில்லை.

இதற்குத் தாளில் நான்கு இடத்தில் ஏறும் வாசல்கள் குறியுங்கள், பாட்டின் இயல்பான வாக்கியத் தொடக்கங்களில். தாயக்கட்டையை உருட்டி எந்த எண் விழுகிறதோ அந்த வாசலிலிருந்து தொடங்க வேண்டும், ஐந்தும் ஆறும் விழுந்தால் பிள்ளையின் விருப்பம். கடைசி வாசலை முதலில் பழகட்டும். அது பழகிய பிறகு, வேண்டுமென்றே ஒரு தவறு செய்துவிட்டு நிற்காமல் போகும் விளையாட்டு. எந்த பாரில் தவறப்போகிறாள் என்று அவளே முன்கூட்டிச் சொல்ல வேண்டும், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். தவறு அவள் கையில் இருக்கும் ஒன்றாக ஆகும்போது கண்ணீர் குறையும். கண் கலங்கும்போது உடனே "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்வது எல்லோருக்கும் வரும். அது ஏதோ பெரியது நடந்துவிட்டதாகத்தான் பிள்ளைக்குக் கேட்கும். அதைவிட, சாதாரணக் குரலில், "எத்தனையாவது அடியில் நழுவியது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவள் தாளைப் பார்க்க வேண்டும், அதுவே போதும்.

முகத்தைப் பார்ப்பதற்கு: எதிரே அல்லது பக்கத்தில் உட்காராமல், வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் உட்காருங்கள். பிள்ளை பேசிய பிறகுதான் நீங்கள் பேசுவது என்று ஒரு விதி வையுங்கள். முதல் இரண்டு வகுப்பில் அந்த அமைதி கனமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கவும். வகுப்பு நாளில் வயிற்றுவலி, தூக்கக் கெடுதி, பள்ளியிலும் இதே அழுகை என்று இருந்தால் காரணம் செயலி அல்ல. பெற்றோரிடம் பேசி, பள்ளி உளவியலாளரிடம் அனுப்புங்கள். பியானோ டீச்சர் சிகிச்சை செய்ய வேண்டியதில்லை.

---

வெள்ளைக்கட்டை:

மனக்கணக்கு சொன்னதோடு தேர்வுக்காரர்களுக்கு ஒன்று. ஏ.பி.ஆர்.எஸ்.எம். இப்போது வீடியோவில் அனுப்பும் பெர்ஃபார்மன்ஸ் கிரேடும் நடத்துகிறது. நான்கு பாட்டு, ஒரே தொடர் பதிவு, நடுவில் வெட்டக் கூடாது. 150க்கு 100 தேர்ச்சி, 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். தேர்வாளர் முன் நடுங்கும் பிள்ளைக்கு இது நல்லது என்று எல்லோரும் பாய்கிறார்கள். பயம் போவதில்லை, இடம் மாறுகிறது. மூன்றாவது பாட்டில் ஒரு சுரம் பிசகினால் மறுபடி முதலிலிருந்து பதிவு. நாள் முழுக்க அப்படியே போய், கடைசிப் பதிவு முதல் பதிவைவிடச் சோர்ந்து இருக்கும். ஒரு அமர்வில் மூன்று பதிவு, அதற்கு மேல் இல்லை என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்றையும் மறுநாள் கேட்டுத்தான் தேர்ந்தெடுப்பது. தவறுள்ள பதிவு பெரும்பாலும் உயிருள்ள பதிவாக இருக்கும். மதிப்பெண்ணில் முழு நிகழ்ச்சிக்கென்றே 30 ஒதுக்கியிருக்கிறார்கள்.

கேமராவுக்குப் பழக்கவும் படி உண்டு. முதலில் ஒலிப்பதிவு மட்டும், பிறகு கையை மட்டும் காட்டும் வீடியோ, பிறகு ஆள் முழுதும், பிறகு ஒரு ஆள் முன்னால், பிறகு மூன்று பேர் முன்னால். ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரம்.

பிள்ளைகளின் வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன், பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். போப்பியா என்ற தென்னாப்பிரிக்கத் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் 18க்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. குழுவில் ஒப்பீடு வருவது வேறு விஷயம், அதற்காகவே நான் குழுவில் போடுவதற்கு எதிரி.

---

நீலக்குயில்:

எல்லோருக்கும் நன்றி. மிடி_மாமா சொன்ன இருபது சுரச் சோதனையை இரண்டு வீட்டில் செய்யச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. 7 வயதுப் பிள்ளைகளுக்கும் இதே நான்கு வாரமா? இன்னொன்று, இங்கே கேபிள் திருட்டு, மின்வெட்டு என்று கரண்ட் போனால் பி-45 ஊமை. வகுப்பு பாதியில் நின்றால் சில பிள்ளைகளுக்கு அதுவே பெரிய ஏமாற்றமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்? ஜூமில் எடுத்தால் பிள்ளை வாசித்து முடித்தவுடன் நான் சொல்வது தாமதமாகப் போய்ச் சேருகிறது, அதற்குள் முகம் வாடிவிடுகிறது.

---

வெள்ளைக்கட்டை:

7 வயதுக்கு இந்த நான்கு வாரம் நீளம். அந்த வயதில் திரையே வேண்டாம் என்பது என் கட்சி, மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும். காது திறந்திருக்கும் வயது. கோயிலில் பஜனை, தேவாரம் கேட்டு வளரும் பிள்ளைகள் ஒரு தடவை கேட்டதைப் பாடிவிடும். முதலில் பாட வையுங்கள், பிறகு பாடியதைக் கட்டையில் தேட வையுங்கள், கடைசியில் தேடியதைத் தாளில் காட்டுங்கள். தன் குரலோடு ஒத்துப்போகிறதா என்று பிள்ளையே சொல்லிவிடும், பச்சை விளக்குக்கு அங்கே வேலையில்லை. செயலி கட்டாயம் என்றால் காதுப் பயிற்சி வகை, பத்து நிமிடம், பெற்றோர் பக்கத்தில்.

ஜூமில் "ஒரிஜினல் சவுண்ட்" என்ற அமைப்பை இரு பக்கமும் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீண்ட சுரங்களை இரைச்சல் என்று நினைத்து அது வெட்டிவிடும். சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள், தாமதத்தில் முடியாது. தாமதத்தின் அமைதியைப் பிள்ளை அதிருப்தி என்று படிக்கிறது. ஆகவே வாசித்து முடிந்ததும் முதலில் கட்டைவிரல் சைகை, கேட்டேன் என்பதற்காக மட்டும், நன்றாக இருந்தது என்பதற்காக அல்ல. இந்த வித்தியாசத்தை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

---

மிடி_மாமா:

கரண்டுக்கு வழி இருக்கிறது அக்கா. பி-45இன் அடாப்டர் 12 வோல்ட். வைஃபை ரவுட்டருக்கு எல்லோரும் வாங்கி வைத்திருக்கும் குட்டி யு.பி.எஸ். பெட்டியில் 12 வோல்ட் துளை இருந்தால் அதிலேயே ஓடும். வாங்கும் முன் பியானோ அடாப்டரின் ஒட்டுச்சீட்டைப் பாருங்கள்: வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ, வட்டப் படத்தில் நடுப் புள்ளி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதும் ஒத்துப்போக வேண்டும். பிளஸ் மைனஸ் மாறினால் போர்டு போய்விடும். முனையின் தடிமன் பொருந்தாவிட்டால் பெட்டியோடு வரும் மாற்று முனைகளில் ஒன்று சேரும், தளர்வாக இருந்தால் வேண்டாம். 9 வோல்ட் துளையில் தவறியும் செருகாதீர்கள், பியானோ ஆன் ஆகலாம், ஆனால் ஒலி விட்டுவிட்டு வரும். ரவுட்டரையும் அதே பெட்டியில் மாட்டினால் இரண்டுக்கும் போதாது, பியானோவுக்குத் தனிப் பெட்டி. மாதம் ஒரு தடவை சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். பேட்டரி தேய்ந்தால் அன்றைக்கே தெரியும், வகுப்பு நடுவில் தெரிய வேண்டியதில்லை.